சங்கம் வச்சு ஆறு காக்க முடியுமா?

பதிவு, பதிவர்னு தினமும் பேசுற நமக்கு, பதிவாளர் ஆபீஸ்ல 'பதிவு'ன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிறதும் நல்லதுதான். ஏரி தூர் வாரணும், நூலகம் வைக்கணும்னு நாலு பேர் கூடினா அடுத்த கேள்வியே "பதிவு பண்ணணுமாப்பா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கு. அதில் எங்க காட்பாடி, வேலூர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

1857 கிளர்ச்சிக்கு மூணு வருஷம் கழிச்சு, 1860-இல் வெள்ளைக்காரர்கள் சங்கங்கள் பதிவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இலக்கியம், அறிவியல், தர்ம காரியம் இதற்கெல்லாம் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் சங்கம். கட்டணம் 50 ரூபாய். அந்தக் காலத்து 50 ரூபாய் சின்னக் காசு இல்லீங்க!

நம்ம மாநிலம் தனக்கென்று 1975-இல் ஒரு சட்டம் இயற்றியது. அமலுக்கு வந்தது 22 ஏப்ரல் 1978. இதிலும் குறைந்தது ஏழு பேர் வேணும். மெமோராண்டம், பைலா எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கணும். 20 உறுப்பினர் இருந்தாலோ, வருஷ வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம் என்றது சட்டம். (டிரஸ்ட் வேற. அதுக்கு ஏழு பேர் வேண்டாம், பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்யறது வழக்கம்.)

ஆரம்பிக்கிறது சுலபம். அப்புறம்தான் இருக்கு. நிர்வாகக் குழுவின் காலம் மூணு வருஷத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஆறு மாசத்துக்குள் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் ஆகணும். வரி விலக்குக்குத் தனிப் பதிவு. வெளிநாட்டுக் காசு வாங்கணும்னா, எமர்ஜென்சி காலத்தில் 1976-இல் பிறந்து, 2010-இல் புதுசா எழுதப்பட்டு, 2020-இல் இன்னும் இறுக்கப்பட்ட தனிச் சட்டம் காத்திருக்கு.

இவ்வளவு காகிதம் எதுக்கு? பாலாற்றைப் பார்த்தால் புரியும். காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில் ஓடுற (ஓட வேண்டிய!) ஆறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளின் கழிவு இந்த ஆற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்தது. ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர், அதில் ரசாயனம். 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ வீணாச்சு என்றது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேரே உச்ச நீதிமன்றம் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். 28 ஆகஸ்ட் 1996-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருது, வேலை தருது, அதுக்காக ஆற்றை அழிக்க உரிமை இல்லை. மாசு செய்தவரே நஷ்டத்தைக் கட்டணும். அஞ்சு மாவட்ட டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்னிக்கு இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லோரும் 'வேலூர் கேஸ்' படிக்கிறாங்க.

ஒரு விஷயம் கவனிங்க. கோர்ட்டுக்குப் போக பதிவு அவசியமே இல்லை. பதிவாகாத சங்கமும் அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரலாம்னு கிருஷ்ணய்யர் 1980-லேயே ஒரு ரயில்வே ஊழியர் சங்க வழக்கில் சொல்லிட்டார். அப்ப பதிவு எதுக்கு?

மீதிக் கதையைப் பாருங்க. 1996 தீர்ப்புப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் இழப்பீடு நிர்ணயித்தது. 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி. வகுத்துப் பார்த்தேன், தலைக்கு சராசரி 9,200 ரூபாய்கூட வரலை. அதோடும் முடியலை. ஜனவரி 30, 2025-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது: பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு. இந்தச் சுற்றில் மேல்முறையீடு செய்தவர்களில் ஒன்று வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு.

1991-இலிருந்து 2025. முப்பத்தி நாலு வருஷம்! 1991-இல் நாற்பது வயசு விவசாயிக்கு 2025-இல் எழுபத்தி நாலு. செயலாளர் மாறுவார், பொருளாளர் வெளியூர் போவார், வக்கீல் கட்டு யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும். ஆனால் எதிர்த்தரப்புக் கம்பெனியும் அரசாங்கமும் அப்படியே இருக்கும், அவங்களுக்கு வயசே ஆகாது.

பதிவு செய்த சங்கத்துக்கும் வயசாகாது. சொத்து சங்கத்தின் காரியத்துக்கு, கோப்பு ஆபீசுக்கு, பொறுப்பு அடுத்த குழுவுக்கு. மினிட் புக், ஆண்டுக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் என்று நாம் சலிச்சுக்கிற காகிதம் எல்லாம் பெரியவர்கள் போன பிறகும் இளையவர்கள் தொடரத்தான். தாக்கலை விட்டுட்டா பதிவாளர் பெயரையே நீக்கலாம்.

அதனால் ஊரில் யாராவது சங்கம் தொடங்கலாம்னு கூப்பிட்டா, தலைவர் யாருன்னு கேக்காதீங்க. பத்தாவது வருஷம் கணக்கு தாக்கல் பண்ணப் போறது யாருன்னு கேளுங்க.