யாழ்ப்பாணத்தில் மகப்பேற்றியல், பெண்ணோயியல் கல்வி: தொடக்க வரலாறு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல், பெண்ணோயியல் துறை, 1978இல் மாணவர்களைச் சேர்த்த மருத்துவ பீடத்தோடு சேர்ந்து வளர்ந்தது. பிள்ளைப்பேற்று மருத்துவத்தை நூல் வைத்துக் கற்பிக்கும் வழக்கமோ குடாநாட்டில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ தமிழில் அச்சேறியபோது கொழும்பில் மருத்துவக் கல்லூரியே இருக்கவில்லை. ஆகவே துறையின் தொடக்கத்தைப் பல்கலைக்கழக ஆவணங்களில் மட்டும் தேடினால் கதையின் பின்பாதிதான் கையில் அகப்படும். முன்பாதி மானிப்பாயிலும் இணுவிலிலும் இருக்கிறது.

நூலுக்கு முன்

மேனாட்டு வைத்தியம் வருமுன் பிள்ளைப்பேறு வீட்டுக்குள் நடந்தது. அதை நடத்தியவள் ஊர் மருத்துவிச்சி. அவளுக்கு ஏடு தெரியாது, கை தெரியும். ஏடு படித்த வைத்தியர்களிடமும் இதற்கான நூல் இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகச் சொல்லப்படும் ‘பரராசசேகரம்’ என்ற வைத்திய நூலில் கெர்ப்பரோகத்துக்கும் பாலரோகத்துக்கும் தனித்தனி நிதானங்கள் உண்டு. சுவடியாகக் கிடந்த அந்நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை தேடித் தொகுத்து 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பல பாகங்களாக அச்சிட்டார். பரியாரியார் மருந்து சொல்லுவார், அறைக்குள் போகமாட்டார். அறைக்குள் இருந்தவளுக்கு நூல் எட்டாது. இந்தப் பிளவு மேனாட்டு வைத்தியம் வந்த பிறகும் நெடுநாள் நீடித்தது.

பேறு முடிந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மஞ்சள், உள்ளி, சுக்கு, கொத்தமல்லி சேர்த்தரைத்த காயச்சரக்கு; சரக்குக் கறியும் பத்தியச் சோறும்; வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் முழுக்கு. பேறுகாலத்துப் பெண்ணைக் கொத்தி என்ற பேய் பிடிக்கும் என்ற அச்சமும் அதைக் கழிக்கும் சடங்கும் கூடவே இருந்தன. காயச்சரக்கு இன்றைக்கும் கடைகளில் பொட்டலமாக விற்கிறது. கொத்தியை இப்போது கிழவிமாரின் பேச்சில்தான் கேட்கலாம். குறுக்கே கிடக்கும் பிள்ளை, நிற்காத குருதிப்போக்கு, பேற்றுக்குப் பின்வரும் காய்ச்சல் என்றால் அன்று வழி இருக்கவில்லை.

மானிப்பாய்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். மிஷனின் முதல் வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்தார். கற்பித்தலை ஒழுங்காகத் தொடங்கியவர் அவருக்குப் பின்வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். மகப்பேற்று மருத்துவத்தின் வரலாற்றில் அது மறக்கமுடியாத ஆண்டு. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பேறுநோவுக்குக் குளோரோபோம் கொடுத்ததும், வியன்னாவில் செம்மல்வைஸ் பிரசவ விடுதிக்குள் நுழையும் வைத்தியர்கள் குளோரின் நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்ததும் அவ்வாண்டில்தான்.

கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலையும் சிறு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இல்தான் வந்தது. முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறிய பொடியன்கள் அரசாங்க உத்தியோகம் தேடித் தெற்கே போய்விடுகிறார்கள், ஊருக்கு வைத்தியன் மிஞ்சுவதில்லை என்று கண்டபின் 1860களின் நடுவில் தமிழுக்கு மாறினார். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் டொக்டர்மாரைப் பற்றி இதே முறைப்பாட்டைக் கேட்கலாம். போகும் இடம் மட்டும் கொழும்பைத் தாண்டிவிட்டது. 1873இல் கிறீன் ஊர் திரும்பும்வரை அவரிடம் 60க்கு மேற்பட்டோர் படித்துத் தேறினார்கள்.

தமிழில் கற்பிப்பதென்றால் நூல் வேண்டும். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’, உடலியங்கியலுக்குச் ‘சுகரணம்’, சத்திரசிகிச்சைக்கு ‘இரணவைத்தியம்’, இரசாயனத்துக்குக் ‘கெமிஸ்தம்’ என்று சொற்களை ஆக்கி, மாணவர்களின் துணையோடு நூல்களைப் பெயர்த்தார். சொல் தெரிவில் அவருக்கு ஒரு முறை இருந்தது: தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியில் எடுப்பது, அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது. ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வழியில் வந்த சொல்.

‘பிரசவ வைத்தியம்’ கற்பித்தல் தமிழுக்கு மாறுமுன்பே, 1857இல் வெளிவந்தது. மூலம், டப்ளின் நகர வைத்தியர் ஹென்றி மோன்செல் 1834இல் எழுதிய பேற்று மருத்துவ நூல். டப்ளின் அப்போது இந்தத் துறையில் பேர்பெற்ற ஊர். 1745இல் தொடங்கிய அதன் பிரசவ வைத்தியசாலைக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் போவார்கள். ஆனால் மோன்செல் எழுதியது குளோரோபோமுக்கும் கைகழுவலுக்கும் முந்திய காலத்தில். யோசேப்பு லிஸ்டரின் கிருமிநீக்க முறைக்கும் அப்போது முப்பதாண்டுக்கு மேல் இருந்தது. பேற்று மருத்துவத்தின் பெரிய மாற்றங்கள் வரத் தொடங்கிய வேளையில் மாற்றத்துக்கு முந்திய நூலொன்று தமிழுக்கு வந்தது. இதைக் கிறீனின் குறையாகச் சொல்வது சரியாகாது. பாடநூல் எந்த மொழியிலும் ஒரு தலைமுறை பிந்தியே வரும்.

பெரிய தடை வேறிடத்தில் இருந்தது. மானிப்பாயில் இந்நூலைப் படித்தவர்கள் அனைவரும் ஆண்கள். ஆண் வைத்தியனைப் பேற்றறைக்குள் விடும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இல்லை. மருத்துவிச்சி கைவிட்ட பிறகு, கடைசி நேரத்தில், வேறு வழியே இல்லாதபோதுதான் ஆளனுப்புவார்கள். நாள்கணக்கில் நோவுபட்டு ஓய்ந்தவளிடம் அந்த நேரத்தில் நூலறிவு செய்யக்கூடியது கொஞ்சம். அவள் இறந்துபோனால் பழி ஆங்கில வைத்தியத்தின் தலையில் விழும். அடுத்த வீட்டார் கூப்பிட இன்னும் தயங்குவார்கள். சாதாரணப் பேறு எதையும் பார்க்காமல் சிக்கலான பேற்றை மட்டும் பார்க்கும் நிலை, கற்பவனுக்கும் கேடுதான்.

இணுவில்

1880இல் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலிருந்து மேரி லீச், மார்கரெட் லீச் என்ற இரு சகோதரிகள் மிஷன் ஊழியர்களாக யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்கள் வைத்தியர்கள் அல்லர்; வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பேசியவர்கள். பெண் வைத்தியர் இல்லாமல் பெண்களுக்கு வைத்தியம் இல்லை என்பதை வீடுகளுக்குள்ளே கண்டு, ஊர் திரும்பியபின் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பணம் திரட்டினார்கள். இலங்கையில் தாம் கழித்த ஏழு ஆண்டுகளைப் பற்றி 1890இல் அவர்கள் வெளியிட்ட நூலும் இந்த வேலைக்கு உதவியது. அதன் பயனாக 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஸ்கொத்லாந்துக்காரியான டொக்டர் இசபெல்லா கர் அதன் முதற்காலத்து வைத்தியராக நெடுங்காலம் அங்கே இருந்தார். மானிப்பாயிலும் டொக்டர் தோமஸ் ஸ்கொட்டும் அவர் மனைவி டொக்டர் மேரி ஸ்கொட்டும் 1893 முதல் பணியாற்றினர். அந்த வைத்தியசாலை இன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை எனப்படுகிறது.

இதே காலத்தில் தென் ஆர்க்காட்டிலும் இதே சிக்கல் இன்னொருவரைத் தடுத்து நிறுத்தியது. பண்டத்தரிப்பு ஸ்கடரின் மகன் இரண்டாம் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய மகள் ஐடா, 1890களில் ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் வைத்தியரை மறுத்துப் பேற்றில் இறந்ததைக் கண்டு வைத்தியம் படிக்கப் போனார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்த முடிவிலிருந்து வளர்ந்தது. வேலூர்க் கதை உலகறிந்தது, இணுவில் கதையை யாழ்ப்பாணத்தார் பலரே அறியார். ஒன்று பல்கலைக்கழக அளவுக்கு வளர்ந்தது, மற்றது ஊர் வைத்தியசாலையாகவே நின்றது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் தெரியவில்லை.

இணுவிலில் தாதிமாருக்கும் மருத்துவிச்சிமாருக்கும் பயிற்சி தரப்பட்டது. துறை வரலாற்றில் இது மோன்செல் நூலை விடப் பெரிய படி. பேற்றறைக்குள் உரிமையோடு போகக்கூடியவளின் கைக்கு முதன்முறையாகப் படிப்பு வந்தது. ‘பிள்ளைப்பேற்றுக்கு இணுவில்’ என்பது வலிகாமத்துக் குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு வழக்கமாயிற்று. அங்கே பிறந்தவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

இடைக்காலம்

கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களைச் சேர்த்தது. தீவு முழுவதும் பயிற்றப்பட்ட மருத்துவமாதரை நியமிக்கும் திட்டம் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையோடு பரவி வடக்கையும் எட்டியது. 1930களில் இலங்கையில் 1,00,000 உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். நூற்றாண்டின் நடுவில் அது பல மடங்கு குறைந்துவிட்டது. யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கிய தரும வைத்தியசாலை அரசின் கைக்கு மாறி, ஊர்வாயில் ‘பெரியாஸ்பத்திரி’ ஆனது. மூளாயில் 1930களில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. வைத்தியராக விரும்பியவர்கள் மட்டும் கொழும்புக்கோ, 1962க்குப் பின் பேராதனைக்கோ போகவேண்டியிருந்தது. மானிப்பாய்ப் பள்ளி மூடப்பட்டபின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு குடாநாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பு கிடையாது.

மருத்துவ பீடம்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974இல் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டது. மருத்துவ பீடம் 1978 ஆகஸ்டில் கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் தற்காலிகமாகத் தொடங்கியது. உயிர் இரசாயனப் பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர் முதல் பீடாதிபதி. அவ்வாண்டிலேயே பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலை ஆனது. 1979 சனவரி 1ஆம் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் பீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதிக்கு மாறியது.

மருத்துவப் படிப்பில் முதல் ஆண்டுகள் உடற்கூறு, உடலியங்கியல், உயிர் இரசாயனம் என்று கழியும். மகப்பேறும் பெண்ணோயும் பின்பகுதியில், வாட்டில் கற்பவை. ஆகவே இந்தத் துறையின் உண்மையான வேலை 1980களின் தொடக்கத்தில், பெரியாஸ்பத்திரி மகப்பேற்று விடுதிகளில் தொடங்கியது. துறைக்கான முழுநேர ஆசிரியர் எங்குமே எளிதில் கிடைக்காத காலம் அது. போதனா வைத்தியசாலையின் விசேட வைத்திய நிபுணர்களே காலையில் நோயாளரைப் பார்த்து, அதே கட்டிலடியில் மாணவர்க்கும் கற்பித்தார்கள்.

மாணவர் பேறுகளைக் கண்டு, பின் மேற்பார்வையில் தாமே நடத்தி, குறிப்பேட்டில் ஒப்பம் வாங்கவேண்டும். அதற்குமுன் பழகும் முதற்கருவி பினாட் குழல்: ஒரு சாண் நீளம்கூட இல்லாத மரக்குழல், ஒரு வாய் அகன்றது, மறுமுனை காது பொருந்தும் தட்டு. அகன்ற வாயைத் தாயின் வயிற்றில், பிள்ளையின் முதுகு இருக்கும் பக்கம் வைத்து, கையை எடுத்துவிட்டுக் காதாலேயே அழுத்திக் கேட்கவேண்டும். தாயின் நாடியைக் கையில் பிடித்தபடி கேட்டால்தான் இரண்டு துடிப்பும் பிரியும். நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் ஓடுவது பிள்ளையினது. மானிப்பாயில் கிறீனின் மாணவர்கள் ஊர் வீடுகளில் பெற முடியாமற்போன பழக்கம் இதுதான்: நோயில்லாத, சாதாரணமான பேற்றை நூறு தடவை பார்த்துப் பழகுவது.

கற்பித்தல் மொழி இப்போது ஆங்கிலம். நோயாளியோடு பேசுவது தமிழ். இந்த இடைவெளியில் வேலைசெய்தவர்களில் சமுதாய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் குறிப்பிடத்தக்கவர். ‘நந்தி’ என்ற பெயரில் சிறுகதையும் நாவலும் எழுதிய அவர், தாய்மை பற்றித் தங்கைக்கு எழுதும் கடிதங்களாக ‘அருமைத் தங்கைக்கு’ என்ற நூலைத் தந்திருந்தார். கிறீனின் நூல் வைத்தியனுக்கு எழுதியது. இது பிள்ளையைச் சுமப்பவளுக்கு எழுதியது.

துறை கால் ஊன்றுமுன் போர் வந்துவிட்டது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படை பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியர்களும் தாதிமாரும் நோயாளரும் இறந்தார்கள். பிள்ளை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரம் அவர்களுள் ஒருவர். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பீடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தடை. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. பெரியாஸ்பத்திரியைச் சுற்றிய பகுதியைச் செஞ்சிலுவைக் குழு பாதுகாப்பு வலயமாகக் காத்தது. மின்சாரம் கேட்காத மரக்குழல் அந்த ஆண்டுகளில் பாடநூற் படமாக மட்டும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நிறைமாதப் பெண்களும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மறு ஆண்டு மக்கள் திரும்பினார்கள், பீடமும் திரும்பியது.

பெயர்

கிறீனின் ‘பிரசவ வைத்தியம்’ இன்று ‘மகப்பேற்றியல்’ ஆகிவிட்டது. மகளிர் நோய்களுக்கான பகுதி ‘பெண்ணோயியல்’ என்று பலகையில் எழுதப்படுகிறது. கைதடியில் இப்போது பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடக்கிறது. அங்கே பாடத்தின் பெயர் ‘சூல், மகளிர் மருத்துவம்’. சனங்களின் பேச்சில் இவை எதுவுமே இல்லை. “மகளைப் பிள்ளைப்பேற்றுக்கு விட்டிருக்கு” என்பார்கள், கேட்பவரும் “எத்தினையாம் வாட்டு?” என்றுதான் கேட்பார்.