நெகிழ்வட்டும் நாட்டுடைமையும்

நம் சங்கத்தின் எஃகு அலமாரியில் பழைய மலர்களுக்கு அருகே நெகிழ்வட்டுப் பெட்டி ஒன்று உள்ளது. தொண்ணூறுகளின் இடைப்பகுதியில் இம்மலரை முதன்முதலாகக் கணினியில் அச்சுக்கோத்தபோது எஞ்சிய வட்டுகள் அவை. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றுள் ஒன்றைத் திறந்து பார்த்தோம். வட்டு பழுதுபடவில்லை, ஆயினும் திரையில் தோன்றியவை தமிழெழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளும் வினாக்குறிகளும் நெல்லும் பதரும்போல் கலந்து கிடந்தன.

காரணம் எளிது. அந்நாளில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துகளுக்குத் தத்தமக்குத் தோன்றிய எண்களை அளித்தனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் மகரம் வைத்தார். எந்த மென்பொருளில் எழுதினோமோ அதனைக் கொண்டே படித்தல் இயலும். நம்மவர் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளோ, கணினியின் பின்புறம் செருகும் பூட்டு ஒன்று இன்றி இயங்காது. பூட்டு தொலைந்தது, விற்ற நிறுவனமும் மூடப்பட்டது.

இத்துறையில் நாம் வாழும் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. 1988ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்ற சி-டாக், கான்பூரில் தொடங்கிய ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்து, இந்திய மொழிகளைக் கணினித் திரையில் எழுதச் செய்தது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை ஏற்றது. தமிழ் அச்சகங்களோ தத்தம் வழியிலேயே சென்றன.

அதே காலத்தில் கடல்கடந்த தமிழர் சிலர் வேறொரு நெறியில் நின்றனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தாம் அமைத்த மயிலை எழுத்துருவை யாவர்க்கும் விலையின்றி வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலின் ஒரு வடிவத்தை அவ்வாறே அளித்தார். பலர் கைகளில் படிகள் இருந்தமையால் அவை அழிந்தொழியவில்லை. மயிலையில் எழுதிய கோப்பினை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன. நாம் வாங்கியதற்கு அத்தகைய கருவி எதுவும் எமக்குக் கிட்டவில்லை.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984இல் செய்த திருத்தத்தால், கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் வந்தது. எனவே கவிஞர்க்குள்ள காலமே நிரலாசிரியர்க்கும் உண்டு. ஆயுட்காலமும் அதன்பின் அறுபது ஆண்டுகளும். 1990இல் முப்பது வயதினராக இருந்த ஒருவர் எண்பது வயது வாழ்ந்து 2040இல் மறைவாராயின், அவர்தம் நிரல் 2100ஆம் ஆண்டு முடியும்வரை காவலில் இருக்கும். அதனை இயக்கும் பொறி பத்தாண்டு நிலைத்தலே அரிது! கவிதைக்குத் தைத்த சட்டையை நிரலுக்கு அணிவித்தமை பொருந்தவில்லை என்பதே எம் கருத்து.

பாரதியார் 1921இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி அவர் பாடல்கள் 1971 வரை தனியுடைமையாகவே இருந்திருக்கும். 1949இலேயே அரசு உரிமையைப் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. ஒலிப்பதிவு உரிமை பெற்றிருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் அதனை விட்டுக்கொடுத்தார். மென்பொருளுக்கு அத்தகைய நாட்டுடைமை நிகழ்ந்ததாக யாம் அறியோம். 2005 ஏப்ரலில் நடுவணரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டைச் சென்னையில் வெளியிட்டு, வேண்டுவோர்க்கு விலையின்றி அளித்தது. சி-டாக்கின் உழைப்பு அதில் பெரிது. நற்பணியே, எனினும் விலையின்றி அளித்தல் வேறு, உரிமையைத் துறத்தல் வேறு. துறக்க விரும்புவோர்க்கு நம் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி வகுத்துள்ளது. உரிமையாளரே மறைந்துவிட்ட இடத்தில் அப்பிரிவாலும் பயனில்லை.

எம் அலுவலகத்து மூத்தோர் இன்றும் வேர்டுஸ்டாரைப் பற்றிப் பேசுவதுண்டு. விற்பனை நின்று நெடுங்காலமான அம்மென்பொருளைக் கனடா நாட்டு எழுத்தாளர் ராபர்ட் சாயர் 2024இல் தொகுத்து, முறையான இசைவுக்குக் காத்திராமல் யாவர்க்கும் வழங்கினார். அரசு ஊழியராகிய எமக்கு அத்துணிவு இல்லை. ஆனால் அவரைக் குறைகூறவும் மனம் வரவில்லை.

நம் பெட்டியில் பதினொரு வட்டுகள் உள்ளன. அச்சிட்ட மலரில் இடமின்றி விடப்பட்ட கட்டுரைகளும் அவற்றுள் உண்டு. எழுதியோருள் இருவர் இன்று இல்லை. அக்காலத்தில் கணினி அச்சகம் நடத்திய குடும்பத்தினர் எவரேனும் இதனைப் படிப்பின், வீட்டுப் பரணில் அந்தப் பூட்டு கிடக்கின்றதா என்று ஒருமுறை தேடிப் பார்த்து, சங்கச் செயலாளர்க்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம்.