டீபக் யார் வீட்டுப் பிள்ளை?

எம்எஸ்-டாஸ் காலத்தில் கணினி பழகியவர்களுக்கு டீபக் என்ற சிறு நிரல் நினைவிருக்கும். மற்ற நிரல்களின் கோளாறைத் தேடிப் பிடிக்க உதவும் பிழைநீக்கி அது. ஆணைகள் எல்லாம் ஓரெழுத்து: நினைவகத்தில் இருப்பதைக் கொட்டிக் காட்ட டி, நிரலை ஓடவிட ஜி, ஒவ்வோர் அடியாக நடத்திப் பார்க்க டீ, இடம் பெயர்க்க எம், ஒரே மதிப்பால் நிரப்ப எஃப். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்தோடு டிடிடி என்ற பிழைநீக்கி வந்துகொண்டிருந்தது. அதிலும் இந்த ஐந்து எழுத்துகளுக்கு இதே வேலைதான்.

இரண்டையும் அடுத்தடுத்து இயக்குபவர், ஒன்று மற்றதன் நகல் என்றே நினைப்பார். டாஸே சிபி/எம்மைப் பார்த்து எழுதப்பட்டது என்ற பழைய வழக்கு வேறு இருக்கிறது. சரிபார்க்க ஆவணம் உண்டு. கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2014 மார்ச்சில் எம்எஸ்-டாஸ் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரலை வெளியிட்டது. 2.0 பதிப்பின் கோப்புகளில் டீபக்கும் இருக்கிறது.

நான் முதலில் எடுத்துக்கொண்டது ஆணைப் பட்டியல்களை. ஒத்துப்போகும் எழுத்துகளை ஒதுக்கிவிட்டு முரண்படுபவற்றை மட்டும் பார்த்தேன். டிடிடியில் எஸ் என்றால் நினைவகத்தில் மதிப்பை மாற்றுவது, டீபக்கில் தேடுவது. அங்கே எல், இயந்திர மொழியை அசெம்பிளி வரிகளாக விரித்துக் காட்டும். இங்கே கோப்பை ஏற்றும், விரித்துக் காட்டும் வேலை யு-வுக்குப் போய்விட்டது. பதிவகங்களை, அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்களைப் பார்க்க அங்கே எக்ஸ், இங்கே ஆர். அங்கே ஆர் கோப்பைப் படிக்கும். பிழைநீக்கியோடு நாள் முழுக்கப் போராடுபவரின் விரல் முதலில் தேடும் எழுத்துகள் இவை. நகலெடுப்பவர் இவற்றையா மாற்றுவார்?

அவசரப்படக் கூடாது. டிடிடி 8080 செயலிக்காக எழுதப்பட்டது, டீபக் 8086க்காக. சிப் மாறினால் உள்வேலை மாறியே தீரும். 8080க்குத் தானாக ஒவ்வோர் அடியில் நிற்கத் தெரியாது. ஆகவே டிடிடி, அடுத்த கட்டளை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு அங்கே ஆர்எஸ்டி 7 என்ற ஒரு பைட் கட்டளையை நட்டு, ஓட்டத்தைத் தன்னிடம் திருப்பிக்கொள்ளும். 8086-இல் அதற்கென்றே ட்ராப் கொடி என்றொரு பிட் உண்டு. அதை ஏற்றிவிட்டால் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் செயலியே நிற்கும். இந்த வேறுபாட்டை நான் சாட்சியாக ஏற்கவில்லை. யார் எழுதினாலும் இது இப்படித்தான் அமைந்திருக்கும்.

எழுத்துகள் மாறியதும் சிப்பினால்தானா? இதைச் சோதிக்க நல்லதொரு வாய்ப்பு இருக்கிறது. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனமே தன் பிழைநீக்கியை 8086க்குக் கொண்டுபோனது, பெயர் டிடிடி-86. அதில் எல், எஸ், எக்ஸ், ஆர் எல்லாம் பழைய பொருளிலேயே நிற்கின்றன. ஆக, சிப் மாறியது எழுத்துகளை மாற்றவில்லை. டீபக்கின் எழுத்துகள் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

துப்பு கிடைத்தது ஐ, ஓ என்ற இரு ஆணைகளில். டீபக்கில் ஐ ஒரு போர்ட்டிலிருந்து, அதாவது வன்பொருளோடு பேசும் வாசலிலிருந்து, ஒரு பைட்டைப் படிக்கும்; ஓ அங்கே ஒரு பைட்டை அனுப்பும். டிடிடியின் ஐ கோப்புப் பெயரைக் குறிக்க மட்டுமே. ஓ அதில் இல்லவே இல்லை. நிரல் மட்டும் எழுதுபவருக்குப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் ஆணை அவ்வளவு அவசரமல்ல. புதிதாகப் பற்றவைத்த பலகை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத்தான் அது முதல் தேவை.

அப்படி ஒருவர் இருந்தார். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் 8086 பலகையை வடிவமைத்த டிம் பேட்டர்சன்தான் பிறகு 86-டாஸையும் எழுதினார். அதுவே எம்எஸ்-டாஸ் ஆனது. அந்தப் பலகைக்காக அவர் எழுதிய 'மானிட்டர்' நிரலின் மூலப் பட்டியல் கிடைக்கிறது. மானிட்டர் என்றால் இங்கே திரை அல்ல; சிப்பிலேயே பதிந்திருந்து, மின்சாரம் வந்ததும் ஆணை கேட்கும் சிறு நிரல். இதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆணைகள்: டி, இ, எஃப், ஜி, ஐ, எம், ஓ, ஆர், எஸ், டீ; வட்டிலிருந்து தொடங்க பி. இதில் பி-யை எடுத்துவிட்டால் மீதி பத்தும் டீபக்கில் அதே பொருளில் இருக்கின்றன. எஸ் தேடுகிறது, ஆர் பதிவகம் காட்டுகிறது.

ஒரு தடை. அந்தப் பட்டியலின் தேதி 1982 மார்ச் 19. டீபக் அதற்கு முந்தியது. கடன் எதிர்த்திசையில் போயிருக்கலாமே? ஆனால் பலகை விற்பனைக்கு வந்தது 1979 நவம்பரில். 86-டாஸின் முதல் வடிவம் 1980 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சிப்பில் ஒரு மானிட்டர் இல்லாமல் அந்தப் பலகையோடு பேசவே முடியாது. டீபக்கில் கூடுதலாக இருக்கும் என், எல், டபிள்யூ ஆகியவை கோப்புக்குப் பெயரிட, ஏற்ற, எழுத உள்ளவை. வட்டும் இயங்குதளமும் வந்த பிறகே இவற்றுக்கு வேலை. மானிட்டரின் மேல் ஏறிய இரண்டாம் அடுக்கு என்றே இவற்றைக் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பொதுவான அந்த எழுத்துகள்? இன்டெல் தன் 8080 பயிற்சிப் பலகையான எஸ்டிகே-80-இல் வைத்த மானிட்டரிலும் டி, ஜி, எம் இதே பொருளில் உண்டு; எஸ், எக்ஸ் கூட டிடிடியில் உள்ளபடியே. கில்டால் இன்டெலுக்கு ஆலோசகராக இருந்தவர். டிடிடி என்ற பெயரை அவர் டெக் நிறுவனக் கணினிகளின் பிழைநீக்கியிலிருந்து எடுத்தார். ஆணைகளின் சாயலோ இன்டெல் பக்கம் இருக்கிறது. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தெருவில் வளர்ந்ததால் வந்த ஒற்றுமை இது.

கடைசிச் சாட்சி டீபக்கின் மூல நிரலிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 2.0 கோப்பின் தலைப்பு இன்னும் 86-டாஸின் பெயரையே சொல்கிறது. அதன் கீழே திருத்தக் குறிப்புகள். அசெம்பிளி வரிகளை நேரடியாகத் தட்டச்சிடும் ஏ ஆணையை சி. பீட்டர்ஸ் என்பவர் சேர்த்தது அங்கே பதிவாகியிருக்கிறது. டிடிடியில் முதன்மையான ஆணைகளில் ஒன்று ஏ. டிடிடியைப் பார்த்து எழுதிய நகலில் அந்த ஆணையே விடுபட்டு, பின்னால் ஒருவர் வந்து சேர்க்க வேண்டியிருந்தது என்றால் நம்ப முடியவில்லை.

டாஸுக்கு சிபி/எம்மிடம் கடன் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிரல்கள் ஹெக்ஸ் 100 முகவரியில் தொடங்குவது அந்தக் கடன்தான். சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே பேட்டர்சன் அப்படி அமைத்தார். டீபக் அந்தக் கணக்கில் வராது. அது சியாட்டில் மானிட்டரின் பிள்ளை. மூல நிரல் இப்போது கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐயமுள்ளவர்கள் அந்தத் தலைப்பு வரிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.