பரிசுக்குரிய பின்னற்போர்வை: ஷெட்லாந்து ஹேப் வடிவம் பற்றிய ஆய்வு

1. பொருளும் வரையறையும்

பிறக்கவிருக்கும் குழந்தைக்கென்று ஒருவர் தம் கையால் பின்னித் தரும் கம்பளிப் போர்வையே இவ்வாய்வின் பொருள். இத்தகைய போர்வைகள் பல நாடுகளில் பல வடிவங்களில் பின்னப்படுகின்றன. நாம் எடுத்துக்கொள்வது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, 60 பாகை வடக்கு அகலாங்கை ஒட்டிக் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளின் ‘ஹேப்’ வடிவம். இதன் உறுப்புகள் தெளிவானவை. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி அமைந்தது என்பதற்குக் காரணம் காட்டவும் முடியும். அத்தீவினரின் பேச்சில் ஹேப் என்பது வினையாகவும் வரும். குளிர் தாக்காதபடி பொதிதல் என்பது அதன் பொருள். போர்த்துவதால் போர்வை என்று நாம் வழங்குவதுபோல, அங்கும் தொழிலே பெயராகியிருக்கிறது.

மேலே செல்லுமுன் சில சொற்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. பின்னலில் குறுக்கீடு இல்லை. ஒரே இழை வளைந்து வளைந்து தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. முன்னிருக்கும் ஒரு வளைவின் ஊடே இழுக்கப்பட்ட புதிய வளைவைக் ‘கண்ணி’ என்போம். அது பின்னிருந்து முன்னோக்கி இழுக்கப்பட்டால் நேர்க்கண்ணி. முன்னிருந்து பின்னோக்கி இழுக்கப்பட்டால் புறக்கண்ணி. இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று தொடக்கத்தில் மயங்குவோர் பலர். ஒரே கண்ணியை இரு பக்கமிருந்து பார்ப்பதே அவ்வேறுபாடு. ஊசியின் மேல் இழையை வெறுமனே ஒரு முறை சுற்றுவது ‘இழைச்சுற்று’. அது ஒரு துளையை உண்டாக்கி, ஒரு கண்ணியைக் கூட்டும். இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னுவது ‘சேர்கண்ணி’; அது ஒன்றைக் குறைக்கும். ஊசியிலுள்ள கண்ணிகள் அனைத்தையும் ஒருமுறை பின்னி முடிப்பது ஒரு ‘வரி’.

திருப்பூர்ப் பனியன் துணியை வெட்டிப் பார்த்தவர்கள் அதன் ஓரம் சுருண்டுகொள்வதை அறிவார்கள். ஒரு முகம் முழுதும் நேர்க்கண்ணி, மறுமுகம் முழுதும் புறக்கண்ணி என்று அமைந்ததால் இரு முகங்களின் இழுவிசையும் ஒத்திருப்பதில்லை. அதனால் வரும் சுருளல் அது. எல்லா வரிகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னித் திருப்பித் திருப்பிச் சென்றால் இந்தக் குறை நீங்கும். ஒரு வரி மேடாகவும் அடுத்தது பள்ளமாகவும் அமைந்து, துணி உழுத வயல்போலத் தோன்றும். இதை ‘வரப்புப் பின்னல்’ என்றும், இரண்டு வரிகள் சேர்ந்த ஒரு மேட்டை ‘வரப்பு’ என்றும் வழங்குவோம். இதில் ஓரம் சுருளாது. இரு முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். புரண்டு புரண்டு கிடக்கும் ஒருவரைப் பொதியும் துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இருக்கக்கூடாது என்பதை நினைத்தால், ஹேப்பின் நடுப்பகுதி ஏன் வரப்புப் பின்னலால் ஆனது என்பது விளங்கும்.

2. வகை

ஷெட்லாந்தின் போர்வைகள் இரு வகைப்படும். ஒன்று நுண்துளைப் பின்னல். மயிரிழைபோல நூற்ற கம்பளியால், வடகோடித் தீவான அன்ஸ்ட்டின் பெண்கள் பெயர்பெறச் செய்தது. அகன்ற சால்வை முழுவதும் ஒரு திருமண மோதிரத்தின் ஊடே நுழைந்து வெளிவரும் அளவுக்கு மெல்லியது. பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரும் ஷெட்லாந்தில் பிறந்தவருமான ஆர்தர் ஆண்டர்சன், 1837 இல் விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளை அளித்தார். அவை அரண்மனைக்குச் சென்றபின் அத்தீவுப் பின்னலுக்கு நாகரிக உலகில் தேவை பெருகியது. பின்னியவர்கள் அதனால் செழித்தார்கள் என்று கொள்ளலாகாது. கூலியைப் பணமாகத் தராமல் தேயிலையாகவும் துணியாகவும் தரும் வணிகர் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. 1872 இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

மற்ற வகையே ஹேப். இழை சற்றுப் பருமன். நிறம் பெரும்பாலும் ஆட்டின் நிறமே. தீவுப் பெண்கள் தோளில் போர்த்திக் குறுக்கே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதும், கைக்குழந்தையைச் சுற்றியதும் இதுதான். ஹேப்பும் கடைக்குப் போனதுண்டு. ஆனால் அதன் இலக்கணத்தை வகுத்தது வீட்டுப் பயன்பாடு.

குழந்தைக்குப் பரிசு தர விரும்புவோர் தம் திறமை முழுவதும் தெரியவேண்டும் என்று முதல் வகையையே நாடுகிறார்கள். இது பிழை என்பது நம் துணிபு. நுண்துளைப் போர்வை பெறுபவருக்கு அச்சத்தையும் சேர்த்தே தருகிறது. கழுவ அஞ்சி, பாலும் எச்சிலும் பட அஞ்சி, பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். துளை நிறைந்த பின்னலில் சிறு விரல்கள் சிக்குவதும் உண்டு.

3. உறுப்புகள்

ஹேப்புக்கு உறுப்பு மூன்று: நடுவம், சூழ்பட்டை, விளிம்பு.

நடுவம் வரப்புப் பின்னலால் ஆன சதுரம், துளையற்றது. குழந்தையின் உடம்பில் படுவது பெரும்பாலும் இதுவே.

சூழ்பட்டை நடுவத்தின் நான்கு பக்கமும் சூழ்ந்த அலைப்பின்னல். ‘ஓல்ட் ஷேல்’ என்று தீவினர் சொல்லும் கோலம் இது. ‘ஷேல்’ என்பது சிப்பியைக் குறிக்கும் சொல்லின் தீவு உச்சரிப்பு என்பர். எனவே ‘பழஞ்சிப்பி’ என்போம். அதன் அலகு 18 கண்ணிகள். முதலில் மூன்று சேர்கண்ணிகள். பின்பு இழைச்சுற்றும் ஒரு கண்ணியும் மாறி மாறி ஆறு முறை. மீண்டும் மூன்று சேர்கண்ணிகள். ஆறு கண்ணிகள் குறைகின்றன, ஆறு கூடுகின்றன. எண்ணிக்கை 18 ஆகவே நிற்கிறது. குறைத்தல் ஓரிடத்திலும் கூட்டல் வேறிடத்திலும் திரண்டிருப்பதால் குறைத்த இடம் உள்ளே இழுபடுகிறது, கூட்டிய இடம் விரிந்து வளைகிறது. கடலலை போன்ற அந்த வளைவு தனியே செய்யப்படுவதில்லை. கணக்கு தானாக விளைவிப்பது. நான்கு வரிகளுக்கு ஒருமுறை மட்டுமே கோலவரி வரும். ஏனைய மூன்றும் எளிய வரிகள். இந்த நான்கு வரிக்கு ஒருமுறை நிறத்தை மாற்றி, வெண்மையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து ‘மூரிட்’ எனப்படும் செம்பழுப்புக்கும் படிப்படியாகச் செல்வது மரபு. எஞ்சிய சிறு நூல்களுக்கும் இங்கே இடம் கிடைக்கும்.

விளிம்பு, சூழ்பட்டையின் ஓரத்தில் குறுக்குவாட்டில் பின்னப்படும் பல்வரிசை.

4. இருவரி விதி

ஹேப்பின் வடிவியல் முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது. வரப்புப் பின்னலில் ஒரு வரப்பின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமம். அதாவது இரண்டு வரிகளின் உயரம் ஒரு கண்ணியின் அகலம். இதை ‘இருவரி விதி’ என்று பெயரிடுவோம்.

நடுவம் ஒரு மூலையில் ஒரே கண்ணியோடு தொடங்குகிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் இழைச்சுற்று இட்டால் வரிக்கு ஒரு கண்ணி கூடும். நூறு வரி சென்றபின் அகலம் நூறு கண்ணி. உயரமோ ஐம்பது வரப்பு, அதாவது ஐம்பது கண்ணி அகலம். அகலத்தில் பாதி உயரம் கொண்ட இருசமபக்க முக்கோணத்தின் உச்சிக்கோணம் செங்கோணம். ஆகவே கூட்டி முடித்து, அதே முறையில் குறைத்து வந்தால் கிடைப்பது சதுரம். பனியன் பின்னலில் வரிகள் இதைவிட உயரமானவை. அதே எண்ணிக்கையில் கூட்டிக் குறைத்தால் உச்சி கூர்ங்கோணமாகி, சதுரம் நீண்ட சாய்சதுரமாகிவிடும். ஷெட்லாந்துப் பெண்கள் இதைத் தேற்றமாக எழுதி வைக்கவில்லை. பின்னும் கை அறிந்த வடிவியல் இது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். பெருமத்தில் 150 கண்ணி வரும்வரை கூட்டிப் பின்பு ஒன்று வரும்வரை குறைத்தால், வரிகள் 299. கண்ணிகள் மொத்தம் 150 இன் வர்க்கம், 22,500. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்னும் அடர்த்தியில் மூலைவிட்டம் 75 சென்டிமீட்டர்; பக்கம் சுமார் 53. நிமிடத்துக்கு 30 கண்ணி பின்னும் கைக்கு இது பன்னிரண்டரை மணி நேர வேலை.

முதன்முறை பின்னுவோரை ஏமாற்றுவதும் இந்த வர்க்கமே. 75 வரிகள் முடிந்ததும், வரிகளில் கால்வாசி தீர்ந்தது என்று மகிழ்கிறார்கள். பின்னிய கண்ணிகளோ 2,850. மொத்தத்தில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. வேலையின் சுமை நடுவிலே கிடக்கிறது. ஒரு பிரசவத்தை முன்னிட்டுப் பின்னுபவர் வரிகளை எண்ணிக் காலத்தை மதிப்பிட்டால் நிச்சயம் பிந்துவார்.

இழைச்சுற்றுகள் ஓரத்தில் வளையங்களாக நிற்கும். இரண்டு வரிக்கு ஒன்றாக ஒவ்வொரு பக்கத்துக்கும் 75. சூழ்பட்டைக்கான கண்ணிகள் இவ்வளையங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆனால் 53 சென்டிமீட்டர் பக்கத்துக்கு 75 கண்ணி போதாது, இழுபடும். முதல் வரியிலேயே 33 கண்ணிகளைப் பரவலாகக் கூட்டி 108 ஆக்கினால், அது பழஞ்சிப்பி அலகு ஆறுக்குச் சரியாக அமையும். நீளமும் 54 சென்டிமீட்டர் வரும். எண்கள் இவ்வளவு இணக்கமாக எப்போதும் அமைவதில்லை; இங்கே அமையும்படி 150 ஐத் தேர்ந்தோம்.

விளிம்பிலும் இதே விதி ஆள்கிறது. குறுக்கே பின்னிவரும் விளிம்பு, ஒரு வரப்புக்கு ஒரு சூழ்பட்டைக் கண்ணியை விழுங்கிச் செல்லும். மூலைகளில் மட்டும் ஒரு கண்ணிக்கு இரண்டு வரப்புகள் இடவேண்டும். இல்லையெனில் மூலை குவிந்துகொள்ளும்.

5. இரு நெறிகள்

ஹேப் பின்னும் நெறி இரண்டு. விளிம்பை முதலில் பின்னி, அதன் ஓரத்திலிருந்து சூழ்பட்டைகளை உள்நோக்கிக் குறைத்துவந்து, இறுதியில் நடுவத்தை நிரப்புவது ‘அகமுக நெறி’. நடுவத்தில் தொடங்கி வெளிநோக்கி வளர்வது ‘புறமுக நெறி’. இரண்டும் தீவில் வழங்கியவை. முடிந்த போர்வைகளை அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேற்றுமை தெரியாது.

பரிசு என்று வரும்போது வேற்றுமை தெரிகிறது. அகமுக நெறியில் போர்வையின் அளவு முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கடைசிக் கண்ணி வரை அது போர்வையே ஆகாது. புறமுக நெறியில் நடுவம் முடிந்த நாளிலேயே ஒரு சிறு போர்வை கையில் இருக்கிறது. அதன்பின் சூழ்பட்டையில் நான்கு வரிகள் சேர்ந்த ஒவ்வோர் அலையின் முடிவும் ஒரு நிறுத்துமிடம். மருத்துவர் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்ற செய்தி வந்தால், இரண்டு அலைகளோடு நிறுத்தி விளிம்பிட்டு அனுப்பலாம். காலம் கிடைத்தால் ஐந்தாக்கலாம். அடர்த்தியைப் பற்றிய கவலையும் குறையும்: கை இறுக்கமாகப் பின்னி 20 க்குப் பதிலாக 22 வந்தாலும், அளவுகோலை வைத்துப் பார்த்து இன்னும் சில வரி கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. இறுதிநாள் உறுதியில்லாத வேலைக்கு எந்த நிலையிலும் முழுமைபெறக்கூடிய நெறியே உரியது. எனவே புறமுக நெறியைப் பரிந்துரைக்கிறோம்.

6. இழை

கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன்செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கவ்வித் துணி சுருங்கித் தடித்துவிடும். ‘சூப்பர்வாஷ்’ எனப்படும் நூலில் இச்செதில்கள் வேதிமுறையில் மழுக்கப்பட்டுப் பிசின் பூசப்பட்டிருக்கும். சலவை இயந்திரத்தைத் தாங்கும், ஆனால் தொய்வும் கொடுக்கும். புதிதாய்ப் பெற்றவள் கம்பளியைத் தனியே எடுத்துக் கையால் அலசுவாள் என்று எதிர்பார்ப்பது பரிசு தருபவரின் தன்னலமே. ஆகவே பெறும் வீட்டைப் பார்த்து நூலைத் தேர்க. சென்னையில் பிறக்கும் குழந்தைக்கு என்றால் கம்பளியே வேண்டாம். பருத்தி நூல் நன்று. பருத்தி கனமானது, நீட்சியும் குறைவு. அதனால் போர்வையைச் சிறிதாக்க வேண்டும். அங்கே பாட்டியின் நைந்த புடவை இவ்வாய்வு முழுவதையும் தோற்கடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

7. முடிப்பும் காப்பும்

பின்னி முடித்ததும் போர்வை சுருங்கிய இலைபோல இருக்கும். நனைத்து, பிழியாமல் துவாலையில் ஒற்றி, விளிம்பின் ஒவ்வொரு பல்லையும் இழுத்துக் கட்டிக் காயவிட வேண்டும். ஷெட்லாந்தில் இதற்கென்று முளைகள் அறைந்த மரச்சட்டம் உண்டு. வெளியே சுவரில் சாத்திய சட்டங்களில் ஹேப்புகள் காய்வது அங்கே பழைய புகைப்படங்களில் காணும் காட்சி. நனைந்த கம்பளியில் நார்மூலக்கூறுகளின் சில பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புதிய வடிவில் மீண்டும் இறுகுகின்றன. அலைகள் அப்போதுதான் திறக்கும்.

பயன்பாடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் உறங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. ஹேப் மடிக்கும் கைக்கும் உரியது. ஒருவர் கண் பார்த்திருக்கும்போது பொதிவதற்கு. பரிசோடு இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போர்வையில் முதலில் நைவது விளிம்பு. புறமுக நெறியில் விளிம்பு கடைசியாகப் பின்னப்பட்டது. முடித்த இடத்திலிருந்து இழுத்தால் பிரிந்து வரும், மீண்டும் பின்னலாம். தொடங்கிய முனையிலிருந்து பின்னல் அவ்வாறு எளிதில் பிரிவதில்லை. அகமுக நெறியில் விளிம்பே தொடக்கம். எனவே விளிம்புக்கு ஆன நூலில் ஒரு சிறு சுருணையைப் போர்வையோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக வேண்டும். போர்வையை அலசும்போதெல்லாம் அந்தச் சுருணையையும் கூடவே அலசி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பைப் புதுப்பிக்கும் நாளில் புது நூல் பளிச்சென்று தனியே தெரியும்.