சலாவுலா: குவியலிலிருந்து ஒரு தேர்வு

மேலைநாட்டார் உடுத்திக் கழித்த ஆடைகளுக்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் தனிப்பெயர்கள் உண்டு. கானாவின் அகான் மொழியில் அவை 'ஒப்ரோனி வாவு'; இறந்துபோன வெள்ளையனின் உடை என்று பொருள். நைஜீரியாவில் துறைமுக ஊர் ஒன்றின் பெயரால் 'ஒக்ரிகா'. கென்யாவிலும் தான்சானியாவிலும் 'மிடும்பா', அதாவது பொதிகள். சாம்பியாவின் பெம்பா மொழியில் வழங்கும் 'சலாவுலா' என்ற சொல் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஆடை எவருடையது, எங்கிருந்து வந்தது என்பது பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. குவியலைக் கிளறி வேண்டியதைப் பொறுக்கியெடுத்தல் என்பதே அதன் பொருள். வாங்குபவரின் கையைச் சுட்டும் சொல் அது. அந்தக் கைக்கு ஒரு வரலாறு உண்டு.

சாம்பியா அன்று வடரொடீசியா என்ற பிரிட்டிஷ் காலனி. செப்புச் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை நகரங்களுக்கும் கூலிவேலைக்கு வந்த ஆப்பிரிக்கர்கள் தம் ஊதியத்தை எதில் செலவிட்டார்கள் என்று 1930களின் இறுதியில் புரோக்கன் ஹில் நகரத்தில் ஆராய்ந்தார் மானுடவியலாளர் காட்ஃப்ரே வில்சன். கையில் வந்த பணத்தில் பாதிக்கு மேல் துணிமணிக்கே போனது. கிராமத்தில் கால்நடையும் நிலமும் தந்த மதிப்பை நகரத்தில் உடை தந்தது என்பது அவருடைய விளக்கம். கிளைட் மிட்செல் 1956இல் வெளியிட்ட 'கலேலா நடனம்' என்ற ஆய்வும் இதையே வேறொரு கோணத்தில் காட்டுகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் அந்த நடனத்தில் ஆடியவர்கள் இஸ்திரி போட்ட கால்சட்டையும் மெருகேற்றிய காலணியும் அணிந்தே களமிறங்கினார்கள். இதை வெள்ளையரைப் பார்த்துச் செய்த போலி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அணிந்தவர்களின் கண் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்தது. வெள்ளையரின் மதிப்பீட்டுக்காக அவர்கள் உடுத்தவில்லை.

அதே காலத்தில், வெள்ளையர் நடத்திய கடைகள் பலவற்றில் ஆப்பிரிக்கர் உள்ளே நுழைய முடியாது. சுவரில் விடப்பட்ட சிறு திறப்பின் முன்னால் நின்று காசை நீட்ட வேண்டும். உள்ளிருந்து நீட்டப்படுவதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பொருளைத் தொட்டுப் பார்க்கவோ, ஒன்றை விலக்கி இன்னொன்றைக் கேட்கவோ வழியில்லை. 1950களில் இந்த முறைக்கு எதிராக நடந்த கடைப் புறக்கணிப்புகள் விடுதலைப் போராட்டத்தின் முக்கியமான அத்தியாயம். பொறுக்கியெடுத்தல் என்ற சாதாரணச் செயலுக்குள் எவ்வளவு அரசியல் இருக்க முடியும் என்பதை இந்தப் பின்னணியில்தான் உணர இயலும்.

பக்கத்து பெல்ஜியக் காங்கோவிலிருந்து எல்லை கடந்து பழைய துணி அப்போதே வந்துகொண்டிருந்தது. 1964இல் சாம்பியா விடுதலை பெற்றது. கென்னத் கவுண்டாவின் அரசு உள்நாட்டு நெசவாலைகளை வளர்க்க விரும்பியது. 1980களின் நடுப்பகுதிவரை பழைய துணி இறக்குமதிக்குத் தடைகள் இருந்தன. இதற்கிடையே 1970களில் செம்பின் விலை சரிந்தது. நாட்டின் பொருளாதாரமும் கூடவே சரிந்தது. தடைகள் தளர்ந்தபின், குறிப்பாக 1991இல் ஃபிரெடெரிக் சிலூபா ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட்டபின், பொதிகள் பெருமளவில் வந்திறங்கின. கவுண்டாவின் அடையாளம் சஃபாரி உடை. சிலூபாவின் அடையாளம் கோட்டும் சூட்டும். ஆட்சிமாற்றத்தைச் சாம்பிய மக்கள் உடையிலேயே படித்தார்கள்.

இந்தச் சந்தையை நெருங்கி ஆராய்ந்தவர் காரென் ட்ரான்பெர்க் ஹான்சென். 2000இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே 'சலாவுலா'தான். லுசாகாவின் சந்தைகளில் பொதி பிரிக்கப்படும் தருணத்திற்காகவே வாடிக்கையாளர்கள் கூடி நிற்பார்கள். கசங்கிக் கிடக்கும் ஆடைக்குத்தான் மதிப்பு. அது பொதியிலிருந்து நேரே வந்தது என்பதற்குக் கசங்கலே சான்று. துவைத்து மடித்து வைத்திருந்தால், உள்ளூரில் யாரோ அணிந்துவிட்ட மூன்றாம் கைச் சரக்கோ என்று சந்தேகம் வரும். நல்ல துணிகளை மட்டும் தேர்ந்து, பாவாடைக்கேற்ற மேலாடை, கால்சட்டைக்கேற்ற கோட்டு என்று இணைசேர்த்துத் தொங்கவிடும் வியாபாரிகளும் உண்டு. அவர்கள் பகுதிக்குச் சந்தையில் 'பூட்டிக்' என்று பெயர். பக்கத்திலேயே தையற்காரர். பெரிய அளவை அவர் சிறிதாக்குவார், தோள்பட்டையைக் குறுக்குவார். அங்கே பிறப்பது மேலைநாட்டு உடைதான் என்றாலும் மேலைநாட்டில் எவரும் அந்தச் சேர்க்கையில் உடுத்தியிருக்க மாட்டார்.

தேர்வு என்றால் கட்டற்ற சுதந்திரம் என்று கொள்ள வேண்டியதில்லை. முழங்காலுக்கு மேல் ஏறும் பாவாடையைப் பெண்கள் தயங்கி ஒதுக்க நேர்ந்தது. குட்டைப் பாவாடை அணிந்தவர்கள் பொது இடங்களில் அவமதிக்கப்பட்டதும் நிகழ்ந்தது. ஆணுக்கு வாய்த்த விளையாட்டு வெளி பெண்ணுக்கு வாய்க்கவில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பழைய துணி உள்நாட்டு நெசவைக் கொன்றது என்பார்கள். வில்சன் ஆராய்ந்த புரோக்கன் ஹில்தான் இன்றைய கப்வே. அங்கே சீன உதவியுடன் எழுந்த முலுங்குஷி நெசவாலை 2000களில் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் பழுதான நிர்வாகம், கடன், மலிவான புதிய ஆடைகளின் இறக்குமதி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளாமல் பழியனைத்தையும் சலாவுலாவின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. மறுபுறம், பழைய துணி வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஏழை நாடுகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை. ருவாண்டா 2016இல் பழைய துணி மீதான வரியை உயர்த்தியது. 2018இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. பொதியிலிருந்து ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு முடிகிறது. பொதியே வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க நாட்டுக்கு முடிவதில்லை.

எனினும், கழித்தவர்களின் பெயரால் அல்லாமல் எடுத்தவர்களின் செயலால் ஓர் ஆடைக்குப் பெயரிட்ட மக்களை வெறுமனே பிறர் தயவில் உடுத்துபவர்கள் என்று நினைப்பதற்கில்லை. சுவரின் திறப்பின் முன் கைநீட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் குவியலின் முன் குனிந்து, ஒன்றை விலக்கி, இன்னொன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லையெனில் திரும்பப் போடுகிறார்கள். அந்தத் திரும்பப் போடுதலும் சலாவுலாவில் அடக்கம்.