தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்

2024 நவம்பர் இறுதியில், பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடொன்றில் முதிய பெற்றோரும் அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டனர். ஐந்து மாதங்கள் கழித்து, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனித்து வாழ்ந்த முதிய தம்பதிக்கும் அதே முடிவு நேர்ந்தது. இரண்டு இடங்களிலும் கொலையாளிகளின் குறி நகைதான். 2025 மே மாதம் கைதானவர்கள் இரு கொலைகளிலும் தொடர்புடையவர்கள் என்று காவல்துறை தெரிவித்தது. அந்த நாட்களில் மேற்கு மாவட்டங்களில் எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, தோட்டத்து வீடுகளில் வசிப்போருக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது.

இந்தக் கோரிக்கையை எளிதில் புறந்தள்ளிவிட முடியாது. காவிரிப் படுகையில் வீடுகள் ஊருக்குள் நெருங்கி நிற்கும். வயல் வெளியே இருக்கும். கொங்கு நாட்டில் அப்படி இல்லை. கிணறு இருக்கும் இடத்தில் சாளை. அதைச் சுற்றித் தோட்டம். அடுத்த வீட்டுக்குக் குரல் கேட்பதே அரிது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ கடல் கடந்தோ வேலையில் இருக்க, எழுபது வயதைக் கடந்த இருவர் ஒரு நாயின் காவலில் இரவைக் கழிக்கிறார்கள். காவல் நிலையம் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். இவர்களிடம் சென்று ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று சொல்வது ஆறுதலாகாது.

ஆயினும், துப்பாக்கி அவர்களைக் காக்குமா என்பது உணர்வால் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று. பொருளியலார் இதை முப்பது ஆண்டுகளாக அலசி வருகின்றனர்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. நம் பகுதிக்கு இது புதிதும் அன்று. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னை மாகாண ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. எனவே ஆயுதச் சட்டம் என்றாலே அடிமைச் சின்னம் என்ற எண்ணம் விடுதலை இயக்கத்தில் வேரூன்றியிருந்தது. அகிம்சையின் தூதரான காந்தியடிகளே 1930-இல் முன்வைத்த பதினோரு கோரிக்கைகளுள், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று என்பதைப் பலர் அறியார். 1931-ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைக் குடிமக்களின் உரிமையாகவே அறிவித்தது.

ஆனால், அரசமைப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது அந்த உரிமை இடம்பெறவில்லை. 1948-இல் எச்.வி. காமத் அதைச் சேர்க்க முன்மொழிந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. இன்று 19-ஆவது பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கான உரிமையை மட்டுமே தருகிறது. அமெரிக்காவில் துப்பாக்கி அடிப்படை உரிமை. இங்கே அது அரசு வழங்கும் அனுமதி.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் விதிகளும் அந்த அனுமதியை ஒழுங்குபடுத்துகின்றன. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது; திருமணங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கப்படலாகாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை எடுத்தால் அதில் கூலித் தொழிலாளர் எத்தனை பேர் இருப்பர் என்பது வேறு கதை.

இனி எண்கள். உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றுள் 12.7 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில். தமிழகத்தில் சுமார் 22,500. கேரளத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவு. துப்பாக்கி மிகுந்தால் கொலை மிகும் என்ற சூத்திரம் அப்படியே சரியென்றால், உத்தரப் பிரதேசத்தின் கொலை விகிதம் நம்முடையதைப் போலப் பன்மடங்கு இருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கை அவ்வாறு காட்டவில்லை. அங்கே 3,491 கொலை வழக்குகள், தமிழகத்தில் 1,690. மக்கள்தொகையால் வகுத்தால், ஒரு லட்சம் பேருக்கு அங்கே சுமார் 1.5, இங்கே சுமார் 2.2. கேரளத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த ஒப்பீட்டைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் ஆவலுடன் எடுத்துக்கொள்ளக்கூடும். அவசரப்பட வேண்டாம். வழக்குப் பதிவு முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நகரமயம், மது, சாதிப் பகை, ஆள்கடத்தல் என எத்தனையோ காரணிகள் குறுக்கே நிற்கின்றன. மேலும், உரிமம் பெற்ற துப்பாக்கி வேறு, புழக்கத்தில் உள்ள துப்பாக்கி வேறு. ஜெனீவாவிலுள்ள சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2017-இல் இந்தியக் குடிமக்களிடம் 7.1 கோடி துப்பாக்கிகள் இருக்கலாம் என்றும், அவற்றுள் ஆறு கோடிக்கும் மேற்பட்டவை பதிவு பெறாதவை என்றும் மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை. எனினும் உரிமப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு குற்றத்தை விளக்க முடியாது என்பதற்கு அது போதும்.

தமிழக எண் உணர்த்துவது வேறொன்று. இங்கே கொலைக் கருவி பெரும்பாலும் அரிவாள். அடுத்தது கத்தி, கட்டை, கல். துப்பாக்கி இல்லை என்பதால் கொலை செய்யும் எண்ணம் மறைந்துவிடவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்களைப் பறித்தவை துப்பாக்கிகள் அல்ல, வெடிகுண்டுகள். அப்படியானால் கட்டுப்பாட்டால் என்ன பயன்?

இங்கேதான் ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. சட்ட அறிஞர் ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் 1968-இல் சிகாகோ நகரத் தாக்குதல்களை ஆராய்ந்தார். கத்தியால் தாக்கியவர்களும் துப்பாக்கியால் தாக்கியவர்களும் ஏறக்குறைய ஒரே வகையினர். சண்டைக்கான காரணங்களும் ஒரே வகையானவை. ஆனால், துப்பாக்கித் தாக்குதலில் உயிர் போகும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. கருவி நோக்கத்தை மாற்றுவதில்லை, விளைவை மாற்றிவிடுகிறது. 2012 டிசம்பர் 14 அன்று இதற்கு ஒரு கொடிய சான்று கிடைத்தது. அன்று சீனாவின் ஹெனான் மாகாணப் பள்ளியொன்றில் ஒருவன் கத்தியுடன் புகுந்து 23 குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தையும் இறக்கவில்லை. அதே நாளில் அமெரிக்காவின் நியூடவுன் பள்ளியில் துப்பாக்கியுடன் புகுந்தவன் 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றான்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் வலுவோடு சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் லாட் 1998-இல் எழுதிய நூலின் சாரம் இது: எந்த வீட்டில், யார் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாத நிலையில் குற்றவாளி தயங்குவான், ஆகவே மறைவாகத் துப்பாக்கி ஏந்த அனுமதித்தால் குற்றம் குறையும். தூய பொருளியல் தர்க்கம். நானும் வகுப்பில் மாணவர்களுக்கு இதை மரியாதையுடனேயே விளக்கியிருக்கிறேன். ஆனால், அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் குழுவின் வல்லுநர்கள் அதே தரவுகளைச் சோதித்தபோது, அந்த முடிவை அவை தாங்கவில்லை என்று கண்டனர். பின்னர் ஜான் டானஹியூவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு, அத்தகைய சட்டம் கொண்டுவந்த மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. துப்பாக்கிகள் பெருகும்போது அவை திருடும் போகின்றன. எதிரியும் ஆயுதத்துடன் வரத் தொடங்குகிறான்.

ஆஸ்திரேலியா எதிர்த் திசையில் சென்றது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அரசு விரைவுத் துப்பாக்கிகளைத் தடைசெய்து, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் 13 கூட்டுப் படுகொலைகள் துப்பாக்கியால் நிகழ்ந்திருந்தன. அடுத்த பத்தாண்டில் ஒன்றுகூட இல்லை. துப்பாக்கித் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. சாதாரணக் கொலைகள் அச்சட்டத்தால் எவ்வளவு குறைந்தன என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஏனெனில் அவை முன்பே குறைந்துகொண்டிருந்தன.

தற்கொலை என்ற சொல் இந்த விவாதத்தில் இங்கே எழுவதே இல்லை. எழ வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,000-க்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். தமிழகத்தில் 2022-இல் 19,834 தற்கொலைகள் பதிவாயின. எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். கடனும் நோயும் தனிமையும் வாட்டும் முதியவர் வீட்டில், கைக்கெட்டும் தொலைவில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருப்பது யாரைக் காக்கும்? இலங்கை 1990-களில் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தபின், பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. துயரம் உச்சத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களில் கையில் கிடைத்த பொருள் முன்பைப் போல் கொடியதாக இல்லை, அவ்வளவே.

கோவைக்கே உரிய ஒரு கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. பிகாரின் முங்கேர், 1760-களில் மீர் காசிம் அங்கே தலைநகரை மாற்றிய காலந்தொட்டுத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இன்று கள்ளத் துப்பாக்கிக்கும். காந்திபுரத்திலிருந்து கணபதிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் நடந்தால் எத்தனை லேத் பட்டறைகள், எத்தனை வார்ப்படச் சாலைகள்! குழாயைக் கடைந்து நாட்டுத் துப்பாக்கி செய்வது இந்தக் கைகளுக்குப் பெரிய வித்தை அன்று. ஆயினும் கோவை முங்கேர் ஆகவில்லை. என் கணிப்பில் காரணம் மூன்று: பம்பு செட்டிலும் கிரைண்டரிலும் நேர்மையாகக் கிடைக்கும் கூலி, சட்டத்தின் இறுக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு ஆள் இல்லாமை. துப்பாக்கி வைத்திருப்பது இங்கே கௌரவமாகக் கருதப்படவில்லை. அந்த வழக்கம் நம் சொத்து. உரிமங்களைத் தாராளமாக்கினால் முதலில் கரைவது அதுவாகத்தான் இருக்கும்.

மலையடிவாரத்தில் நிலைமை வேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தியமங்கலம், அந்தியூர் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி பழைய பொருள். வீரப்பன் 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்படும் வரை அந்தக் காடு அறிந்த வன்முறையின் தொடக்கம், வேட்டைத் துப்பாக்கிதான். மறுபுறம், தொண்டாமுத்தூரிலும் காரமடையிலும் காட்டுப்பன்றி ஓர் இரவில் அழிக்கும் பயிருக்கு விவசாயி என்ன செய்வார்? பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சுடுவதைத் தடுக்கிறது. விளைவு, அவுட்டுக்காய். பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியால் மடிந்த யானைகளைக் கோவை வனக் கோட்டம் கண்டிருக்கிறது. இந்த இடத்தில் தடை மட்டும் போதாது என்பதை ஏற்றுத்தான் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வரையறை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி தேவைப்படும் இடத்தில் அது பயிற்சி பெற்ற, பொறுப்புக் கேட்கப்படக்கூடிய கையில் இருக்கட்டும் என்பது சரியான அணுகுமுறை.

மீண்டும் தோட்டத்து வீட்டுக்கு வருவோம். லாட் சொல்லும் அச்சம் வேலை செய்ய வேண்டுமானால், எந்த வீட்டில் துப்பாக்கி உண்டு என்பது திருடனுக்குத் தெரியக் கூடாது. நம் ஊர்களில் யார் வீட்டில் எத்தனை பவுன் என்பதே தெரிந்திருக்கிறது. உரிமம் பெற்ற வீடு எது என்பது ஒரு வாரத்தில் தேநீர்க் கடைப் பேச்சாகிவிடும்; கொள்ளையன் அடுத்த தோட்டத்துக்குப் போவான், அல்லது வீட்டார் ஊரில் இல்லாத நாளில் துப்பாக்கியையும் சேர்த்தே எடுத்துச் செல்வான். தாக்குபவன் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறான்; நள்ளிரவில் உறக்கம் கலைந்த எழுபத்தைந்து வயது முதியவருக்குப் பெட்டியைத் திறந்து தோட்டாவை எடுக்க அவகாசம் தரமாட்டான். அதே துப்பாக்கி, பட்டப்பகலில் வரப்புத் தகராறின்போதும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையின்போதும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் தம்பிக்குள் மண்வெட்டி ஓங்கிய சண்டைகளில் பல, மருத்துவமனைத் தையலோடு முடிந்திருக்கின்றன.

உரிமத்தை அறவே மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையான, குறிப்பான அச்சுறுத்தல் உள்ளவருக்குச் சட்டம் இன்றும் வழி வைத்திருக்கிறது. அந்த விண்ணப்பங்கள் சிபாரிசுக்குக் காத்திராமல் உரிய காலத்தில், காரணத்துடன் தீர்க்கப்பட வேண்டும். ஆனால், ஒரு வட்டாரம் முழுமைக்கும் துப்பாக்கி என்பது பாதுகாப்புச் செலவை அரசின் கணக்கிலிருந்து முதியவர்களின் கணக்குக்கு மாற்றுவதாகும்.

சிவகிரி வழக்கில் கைதானவர்களுள், திருட்டு நகையை உருக்கிக் கொடுத்ததாகக் கூறப்பட்டவரும் ஒருவர். கவனிக்க வேண்டிய கண்ணி அதுதான். பத்துப் பவுன் நகை சில மணி நேரத்தில் அடையாளமற்ற கட்டியாகி விலைபோகும் வரை, தனி வீடு இலாபகரமான இலக்காகவே இருக்கும். பழைய தங்கம் வாங்குவோர் விற்பவரின் அடையாளத்தைப் பதிவு செய்வதும், உருக்குமுன் சில நாட்கள் அப்படியே வைத்திருப்பதும் கட்டாயமாக்கப்பட்டு, அந்தப் பதிவேடு காவல்துறையின் திடீர்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். கொலைகளுக்குப் பின் தொடங்கிய இரவு ரோந்து, பரபரப்பு அடங்கியதும் நின்றுவிடலாகாது. எந்தத் தோட்டத்தில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருந்து, ரோந்துக் காவலர் அங்கே சென்று கையெழுத்திட்ட நேரம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை மாதந்தோறும் ஊராட்சியில் வைத்து யாரும் பார்க்கலாம் என்று மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தால், அதற்காக எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.