ஜிம்மி போய்ல் என்ற ஆசிரியர்

மலேசியப் பள்ளியில் படித்தவர்களில் ‘புத்ரா புத்ரி’ என்ற நாட்டுப்பற்றுப் பாடலைக் கேட்காதவர்கள் அரிது. அதை இயற்றிய ஜிம்மி போய்ல் (1922–1971) பினாங்கு யூரேஷியர். பெயர்பெற்ற ஜாஸ் பியானோக் கலைஞர். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர். கலைஞரைப் புகழும்போது இந்தக் கடைசித் தகவல் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது என்பேன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளின் மலாயா இசையை ஸ்டூடியோக்களில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி பினாங்கின் ஜார்ஜ் டவுன் வகுப்பறைகளிலும் பேண்டுப் பயிற்சிகளிலும் இருக்கிறது.

இந்தத் துறைமுக நகருக்கு இசை கற்றுத்தரப் பள்ளி எதற்கு என்று கேட்கலாம். இசைத்தட்டு, பங்சாவான் நாடகம், கேளிக்கைப் பூங்கா, மணிலாவிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள், வானொலி என எல்லாமே இங்கே இருந்தன. உண்மைதான். ஆனால் அவை காதைப் பழக்கின. கையைப் பழக்க ஓர் ஆள் வேண்டும். 1929இல் பினாங்கில் பிறந்த நடிகரும் பாடகருமான பி. ரம்லியையே பாருங்கள். 1948இல் திரைப்பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே பேண்டுத் தலைவர் கமாருடினிடம் பாடம் கேட்டு, பள்ளியின் பித்தளை வாத்தியக் குழுவிலும் வாசித்தவர் அவர். அத்தகைய குழுவில் டிராம்போன் பிடிக்கும் பையன் பல தாளக்கட்டுகளுக்குச் சும்மா நிற்க வேண்டும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்று, தன் முறை வந்ததும் பிசகாமல் ஊத வேண்டும். பிறர் வாசிப்பதைக் கேட்கும் இந்தப் பழக்கத்தை இசைத்தட்டு தராது.

போய்லுக்கு ஆசிரியப் பணி வெறும் சம்பளம்தானே, அவர் மனம் ஜாஸில் அல்லவா இருந்தது என்பது இன்னொரு மறுப்பு. இருக்கட்டும். ஆனால் ‘புத்ரா புத்ரி’யைக் கவனியுங்கள்: தேறிய பாடகர் வேண்டியதில்லை, ஒரு வகுப்பே சேர்ந்து பாடலாம், பேண்டு வாசிக்க அணிவகுத்தும் நடக்கலாம். சினிமாவுக்கு மெட்டமைப்பவர் ஒரே ஒரு நல்ல குரலை நினைத்து எழுதலாம். இங்கே நூறு சாதாரணக் குரல்கள் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகளின் குரலை அன்றாடம் கேட்டவருக்கே இந்த அளவு பிடிபடும்.

இதில் தமிழருக்கும் அக்கறை வேண்டும். மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமே 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலோடு சேர்ந்த வகுப்புதான் என்று கொண்டாடுகிறோம். பள்ளியோடு இவ்வளவு பழைய உறவுள்ள நம் வீட்டு அலமாரிகளிலும் பழைய பள்ளி பேண்டுப் படங்கள் இருக்கும். மாணவர்களின் பெயர்களோடு, நடுவில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் பெயரையும் பின்பக்கம் எழுதி வையுங்கள். பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதுங்கள்.